நூற்று மூன்று சதவீத வருகை

எங்கள் ஊருக்கு அறிவு வருஷத்துக்கு ஆறு தடவை ரயிலில் வரும். அக்டோபரில் தொடங்கி மார்ச்சுக்குள் ஆறும் வந்து போய்விடும். மிச்ச நாளெல்லாம் வெஸ்ட் ஓல்னி மக்கள் சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, போன வருஷத்து அறிவில் மிஞ்சியதை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார்கள்.

அறிவை அனுப்பிவைத்தது சிகாகோவில் இருந்த மேற்கத்திய அறிவுயர்வுச் சொற்பொழிவுக் கழகம். நெப்ராஸ்கா சமவெளியில் ரயில் நிற்கும் ஊர் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு கமிட்டி இருந்தது. நிரம்பிய நாற்காலிகளை எண்ணி ஊருக்குத் தரம் போடுவார்கள். முதல் தர ஊருக்குக் கடைசி நிகழ்ச்சியாக ஸ்விட்சர்லாந்து மணியடிப்புக் குழு வரும். இரண்டாம் தர ஊருக்குப் பறவை மாதிரிக் கத்திக்காட்டும் ஒருவர் வருவார். எங்களுக்கு மூன்று வருஷமாகப் பறவைக்காரர்தான். ஒன்பது மைல் தள்ளியிருந்த ஃபாரோவில் மணி அடித்தது. ஃபாரோக்காரர்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசாமல் போனதில்லை.

சொற்பொழிவு மண்டபத்தில் கைதட்டுகிற வழக்கம் கிடையாது. எந்தக் காலத்திலோ காது கேளாத ஒருவர் மேடையில் பேசினாராம். கைதட்டினால் அவருக்குத் தெரியாதே என்று கூட்டம் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அசைத்ததாம். நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக, காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் கைக்குட்டையையே அசைத்தார்கள். கழகம் அதை விதியாகவே எழுதிவிட்டது. மேடை ஓரத்தில் ஒரு பெண் நின்று கையைத் தூக்குவாள். உடனே நானூறு கைக்குட்டைகள் எழும்பும். அந்தப் பெண்ணுக்குக் கைக்குட்டைத் தலைவி என்று பெயர்.

1918-ஆம் வருஷத்துக் கைக்குட்டைத் தலைவி சிக்ரிட் டெஸ்டால். பதினேழு வயது. அவள் அப்பா ஓரின் டெஸ்டால்தான் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர், தந்திக்காரரும் அவரே. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தந்திக் கருவி, மகள், இரண்டையும் விட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. சொற்பொழிவுகளுக்குப் போவார், பின் வரிசையில் உட்காருவார், எதுவும் புரியாது. தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று அடக்கமாக நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷத்து முதல் சொற்பொழிவு "முழு மூச்சே முழு வாழ்வு". பேசுகிறவர் பேராசிரியர் லூஷியஸ் வெதர்பி. எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று விளம்பரத்தாளில் போடவில்லை. கூட்டத்தையே எழுப்பி நிறுத்தி, ஒருவருக்கொருவர் முகம் பார்த்து, ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து விடச் செய்வாராம். இருமல், சளி, சோர்வு, ஸ்பானிஷ் காய்ச்சல் எல்லாம் பறந்துவிடும் என்று தாள் சொன்னது.

ஸ்பானிஷ் காய்ச்சல் அப்போது கிழக்கே ராணுவ முகாம்களில் இருந்தது. எங்கள் ஊர் டாக்டர் பிரான்சில் சண்டையில் இருந்தார்.

தந்திக்காரருக்கு ஒரு சாபம் உண்டு. அந்தப் பாதையில் போகிற எல்லாத் தந்தியும் அவர் காதிலும் விழும். செப்டம்பர் கடைசியில் லோன் எல்ம் ஊரிலிருந்து ஒமஹாவுக்கு ஒரு தந்தி போனது. சவப்பெட்டி நான்கு. சின்ன ஊருக்கு ஒரே நாளில் நான்கு அதிகம் என்று ஓரினுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். பிறகு பட்லர்ஸ் ஃபோர்டிலிருந்து பதினொன்று. பிறகு செயின்ட் ஆல்பனிலிருந்து பத்தொன்பது, அதில் ஏழு சின்ன அளவு. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தாளில் பேராசிரியரின் பயணத் தேதிகள் அச்சாகியிருந்தன. ஓரின் பென்சிலை எடுத்து ஒவ்வொரு ஊருக்கு நேராகவும் பெட்டித் தந்தியின் தேதியைக் குறித்தார். ஒவ்வொன்றும் சரியாக ஆறாம் நாள். செயின்ட் ஆல்பனுக்கு அடுத்த பெயர் வெஸ்ட் ஓல்னி.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். தாளைச் சுவரிலிருந்து கிழித்து மடித்துக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார்.

கமிட்டித் தலைவி மிஸஸ் அடிலெய்டு க்ரோதர்ஸ், வங்கிக்காரரின் மனைவி. பக்கத்தில் சிகாகோவிலிருந்து முன்கூட்டி வந்து ஏற்பாடு பார்க்கும் கழக அலுவலர் மிஸ்டர் ப்ரூயிட் உட்கார்ந்திருந்தார். அறையில் கொஞ்சம் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அது அக்டோபர், குளிர் தொடங்குகிற மாதம்.

"உக்காருங்க மிஸ்டர் டெஸ்டால்," என்றார் தலைவி. "நிகழ்ச்சி நிரல்ல உங்க பேரு இல்லை. இருந்தாலும் உக்காருங்க."

ஓரின் உட்காராமல் தாளை விரித்துக் காட்டினார். "எனக்கு வைத்தியம் தெரியாதுங்கம்மா. தேதி தெரியும். இவர் போன ஊருல எல்லாம் ஆறாம் நாள் பெட்டிக்குத் தந்தி போவுது."

"அடுத்தவங்க தந்தியைப் படிச்சீங்களா?"

"படிக்கலைங்க. காதுல விழுது. அது தட்டுற சத்தம்தானே."

"ரகசியமா தெரிஞ்சுக்கிட்ட விஷயத்தைக் கமிட்டி கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு," என்றார் தலைவி. செயலாளர், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதைக் கமிட்டி கேட்கவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மிஸ்டர் ப்ரூயிட் எழுந்தார். கழகத்துக்காரர்கள் யாராலும் உட்கார்ந்துகொண்டு பேச முடியாது. "நண்பர்களே, நானே விவரம் சொல்றேன். லோன் எல்ம்ல வருகை தொண்ணூத்தெட்டு சதவீதம். பட்லர்ஸ் ஃபோர்டுல தொண்ணூத்தொன்பது. இன்னொண்ணு கவனிங்க. போன வருஷமெல்லாம் சொற்பொழிவு முடிஞ்சா ஊருக்கு இருபது புகார்க் கடுதாசி வரும். பேச்சு நீளம், நாற்காலி குத்துது, அது இதுன்னு. இந்த வருஷம் இந்த மூணு ஊருலேருந்தும் ஒரு கடுதாசி கூட இல்லை. ஒரு ஆள் கூட வாயைத் திறக்கலை. ஜனங்க எவ்வளவு முதிர்ச்சி அடைஞ்சிருக்காங்கன்னு பாருங்க."

கைக்குட்டைகள் எழுந்தன. ஓரின் அந்த அசைவுகளுக்கு நடுவில் கையில் தாளோடு நின்றார்.

"குறைஞ்சது ஜன்னலையாவது திறந்து வைக்கலாமேங்க," என்றார்.

"பதினாலாவது விதி," என்றார் மிஸ்டர் ப்ரூயிட் வருத்தத்துடன். "ஜன்னல் திறந்திருந்தா டிக்கெட் வாங்காதவன் வெளிய நின்னு கேட்டுட்டுப் போயிடுவான். ஆணி அடிச்சு மூடணும். இதமாவும் இருக்கும்."

"உங்களுக்குச் சொல்லணும்னு ஆர்வம் இருக்கு, அதை மதிக்கிறோம்," என்றார் தலைவி. "ஒரு மணி நேரப் பேச்சா எழுதிக் குடுங்க. 1920 வரிசைக்குப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்புறேன். முடிவுல நம்பிக்கை தர்ற மாதிரி எழுதுங்க."

இரண்டு நாள் கழித்து மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு உத்தரவு தந்தியில் வந்தது. காய்ச்சல் காரணமாகத் திரையரங்கம், நடனம் மற்றும் பொழுதுபோக்குக் கூட்டங்கள் எல்லாவற்றையும் மூடவும். ஓரின் அதைத் தன் கையால் எழுதி, கோட்டு கூடப் போடாமல் க்ரோதர்ஸ் வீட்டுக்கு ஓடினார். வழியெல்லாம் அவர் மனம் லேசாக இருந்தது. சிக்ரிட் பிழைத்தாள் என்றே நினைத்தார்.

அன்று மாலையே கமிட்டி அவசரமாகக் கூடியது. உத்தரவை மதிப்பதில் எங்கள் ஊர் யாருக்கும் சளைத்ததில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சொற்பொழிவு பொழுதுபோக்கா? விசாரணை வைத்து முடிவு செய்வது என்று தீர்மானித்து, போன வருஷம் வந்தவர்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"போன பிப்ரவரியில 'வெற்றியின் ஏணி' கேட்டீங்களே, அதுல உங்களுக்கு ஏதாவது இன்பம் கிடைச்சுதா?" என்று தலைவி ஒரு விவசாயியைக் கேட்டார்.

"சத்தியமா இல்லைங்க."

"உங்க சம்சாரத்துக்கு?"

"அவ ரெண்டு மணி நேரமும் கண்ணை மூடிட்டுத்தான் இருந்தா."

முப்பத்தொரு பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கும் ஒரு துளி மகிழ்ச்சியும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மருந்துக் கடை யூஜின் ஸ்லோட் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "பறவைக்காரர் பேசினப்ப நான் ஒரு தடவை சிரிச்சேங்க."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். மிஸ்டர் ப்ரூயிட் அவரையே பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிரிப்பா, இருமலா?"

"இருமலா இருக்கலாங்க," என்றார் ஸ்லோட். சொல்லிவிட்டு இருமவும் செய்தார். இருமல் என்றே குறிப்பில் ஏறியது. சொற்பொழிவு பொழுதுபோக்கு அல்ல என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஓரின் வீட்டுக்கு வந்தபோது சிக்ரிட் கைக்குட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொண்டிருந்தாள்.

"நீ போக வேணாம் கண்ணு."

"அப்பா, ஊரே என்னை நம்பி இருக்கு. நான் கையைத் தூக்கலைன்னா ஒருத்தரும் ஆட்ட மாட்டாங்க. போன வருஷம் பெர்த்தா சீக்கிரமா தூக்கிட்டா, பாவம், பேச்சே பாதியில நின்னு போச்சு. இப்ப வரைக்கும் அவளைக் கிண்டல் பண்றாங்க."

"கிண்டல் பண்ணிட்டுப் போறாங்க. உசுரு முக்கியமில்லையா?"

"நீங்க பெட்டி தந்தியையே கேட்டுக் கேட்டு இப்படி ஆயிட்டீங்கப்பா. பாருங்க, எப்படி மொடமொடன்னு நிக்குது." கைக்குட்டையை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் ஆட்டிச் சிரித்தாள். அவளுடைய அம்மாவின் சிரிப்பு அது. அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

இருபத்தெட்டு வருஷ வேலையில் ஓரின் டெஸ்டால் ஒரு விதியையும் மீறியதில்லை. பேராசிரியர் வர வேண்டிய வியாழக்கிழமை மதியம் மீறினார். போர்க்காலத்தில் படை ரயில் வருகிறது என்றால் மற்ற வண்டியெல்லாம் வழி விட வேண்டும். அவர் ஒரு பொய் உத்தரவு எழுதினார்: பின்னால் படை ரயில் வருகிறது, வெஸ்ட் ஓல்னியில் நிற்காமல் ஃபாரோவுக்குப் போய் ஒதுங்கவும். அதை வளையக் கம்பில் மாட்டி, ஓடுகிற வண்டியின் கார்டு எட்டிப் பிடித்துக்கொள்ளும்படி உயர்த்திக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றார்.

பிளாட்பாரத்தில் வாத்தியக் குழுவும் முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். முன் வரிசையில் சிக்ரிட். வண்டி வேகம் குறையாமல் வந்தது. கார்டு காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, முகம் வெளிறிய ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்று ஊரைப் பார்த்துக்கொண்டே போனார். சிக்ரிட்டின் கை பழக்கத்தில் தானாகத் தூக்கிக்கொண்டது. முந்நூறு கைக்குட்டைகளும் எழுந்து, நிற்காமல் போகிற ரயிலைப் பார்த்து அசைந்தன. வண்டி புள்ளியாகிற வரை யாரும் கையை இறக்கவில்லை.

ஓரின் வளையக் கம்பைச் சுவரில் சாத்தினார். பிழைத்தோம் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் அந்த நிம்மதி நீடித்தது.

வெளியே மிஸஸ் க்ரோதர்ஸ் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். "வருகைன்னா என்ன? நாற்காலி எங்கயும் போகாது, மனுஷங்கதான் போகணும். ஒப்பந்தத்துல எந்த மண்டபம்னு எழுதலை, நான் படிச்சுப் பார்த்துட்டேன். ஃபாரோ ஒன்பது மைல்தான். நாளைக்கு அங்க பேச வேண்டியவர் இன்னிக்கே போய் இறங்கறாரு. அவங்க இன்னிக்கே கூட்டம் வைப்பாங்க. நம்ம ஊருக்குன்னு வந்த அறிவை ஃபாரோக்காரன் தனியா அனுபவிக்க விடப் போறோமா?"

ஃபாரோ என்ற பெயர் போதுமாக இருந்தது. கார்கள், குதிரை வண்டிகள், சோள வண்டிகள் எல்லாம் வந்து நின்றன. போகலாமா வேண்டாமா என்று யோசித்தவர்களும், எந்தச் சொற்பொழிவுக்கும் போகாதவர்களும், அன்று ஏறினார்கள்.

ஓரின் வாசலுக்கு ஓடி வந்து மகளின் கையைப் பிடித்தார். "சிக்ரிட், இங்க கேளு. வண்டியை நிக்க விடாம பண்ணினது நான்தான். பொய் எழுதிக் குடுத்தேன்."

அவள் முகம் சுருங்கியது. "இவ்வளவு பேரை ஏமாத்தினீங்களா?"

"உனக்காகத்தான்."

"வெளிய சொல்லாதீங்கப்பா, வேலை போயிடும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள். "நீங்க பண்ணினதுக்கு நானாவது ஒழுங்கா போய் நிக்கிறேன்."

மிஸஸ் க்ரோதர்ஸ் காரிலிருந்து கையை நீட்டினார். அவள் ஏறிக்கொண்டாள்.

ஓரின் பின்னாலேயே போயிருக்கலாம். எங்கள் ஊரில் பின்னால் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அவர் எழுதிய பொய்யால் ஃபாரோவில் ஒரு வண்டி தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எதிரே இரண்டு சரக்கு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் தந்தி மூலம் நிறுத்தி, நகர்த்தி, சரி செய்கிற வரை கருவியை விட்டு எழுந்தால் எங்கேயாவது இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளும். மாலை ஐந்து மணி வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முகம் தெரியாத சரக்கு வண்டிக்காரர்களின் உயிரைக் காப்பாற்றினார்.

இருட்டுவதற்குள் சிக்ரிட் திரும்பி வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. உருளைக்கிழங்கும் உப்புப் பன்றிக்கறியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவள் விடாமல் பேசினாள்.

"முந்நூத்தம்பது பேர் உக்கார்ற இடத்துல ரெண்டு ஊரும்ப்பா! நிக்க இடமில்லை. கதவை மூட முடியாம பத்து பேர் முதுகை வச்சுத் தள்ளினாங்க. அவருக்குச் செம ஜலதோஷம், குரலே வரலை. அப்படியும் ரெண்டு மணி நேரம். 'எனக்கு இருக்கறது நோய் இல்லை, மூணு ஊரு ஜனங்களோட மூச்சு, அதை உங்களுக்குக் குடுக்கத்தான் வந்திருக்கேன்'னு சொன்னாரு. எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்க முகத்துக்கு நேரா ஊதினோம். மிஸ்டர் ஸ்லோட் மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. முழு மூச்சு முதல் தடவை எடுத்தா அப்படித்தான் இருக்குமாம். நான் சரியான நேரத்துல கையைத் தூக்கினேன். அப்புறம் என்ன குடுத்தாரு பாருங்க."

ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். பெரியது, பட்டு ஓரம் வைத்தது, இன்னும் ஈரமாக இருந்தது. பேச்சு முழுவதும் அவர் முகம் துடைத்துக்கொண்டதாம்.

ஓரின் இடுக்கியை எடுத்து அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். சிக்ரிட் தட்டைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டே படுக்கப் போனாள். கடைசியாக அவர்களுக்குள் நடந்த சண்டை அதுதான்.

மறுநாள் மிஸஸ் க்ரோதர்ஸ் சிகாகோவுக்கு ஒரு தந்தி கொண்டுவந்தார். மடியில் இருந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணியதில் வெஸ்ட் ஓல்னியின் வருகை நூற்று மூன்று சதவீதம். ஓரின் எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினார். கழகத்தின் வரலாற்றில் இப்படி ஒரு எண் வந்ததில்லை என்று பதில் வந்தது. எங்கள் ஊர் முதல் தரம் ஆயிற்று.

ஆறாம் நாள் ஒமஹாவுக்கு எங்கள் ஊரிலிருந்து முதல் தந்தி போனது. சவப்பெட்டி பதினான்கு. ஒன்பதாம் நாள் இருபத்திரண்டு. அந்த இரண்டாவது தந்தியில் ஒன்று தன் வீட்டுக்கு என்று அதைத் தட்டியவருக்குத் தெரியும். நீளம் ஐந்தடி நான்கு அங்குலம் என்று தட்டும்போது அவர் கை ஒரு இடத்தில் நின்றது. ஒமஹாக்காரர், எழுத்து விட்டுப்போச்சு, திரும்ப அனுப்பு என்று கேட்டார். அவர் திரும்ப அனுப்பினார். பெட்டிகள், பேராசிரியர் வந்த அதே இருபத்தேழாம் நம்பர் வண்டியில் வந்தன. அந்த வண்டி அன்று தவறாமல் நின்றது.

நவம்பரில் சண்டை நின்றது. இரண்டாவது சொற்பொழிவு குறித்த தேதியில் நடந்தது. "மகிழ்ச்சி உங்கள் கையில்" என்பது தலைப்பு. அறுபத்தெட்டு நாற்காலிகள் காலி.

அடுத்த வாரம் மிஸஸ் க்ரோதர்ஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். கறுப்பு உடையில் இருந்தார், வங்கிக்காரரும் போய்விட்டார். உடம்பு பாதியாகியிருந்தது. கையில் ஒரு கட்டு அட்டைகள்.

"சிகாகோவிலேருந்து வந்திருக்கு மிஸ்டர் டெஸ்டால். வராதவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. காரணம் எழுதி அனுப்பணுமாம். அவங்களால முடியலைன்னா வீட்டுக்காரங்க எழுதலாமாம்."

அவர் வாங்கிப் பார்த்தார். அழகான அச்சு. அன்புள்ள செல்வி சிக்ரிட் டெஸ்டால், இரண்டாவது சொற்பொழிவில் தங்களைக் காணாதது எங்களுக்கு ஏமாற்றம். கீழே ஒரு கோடு, வராததற்குக் காரணம் என்று எழுதி.

"நீங்க உங்க வீட்டுக்காரருக்கு என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் ஓரின்.

"வெளியூர்னு எழுதினேன்." அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற என்னத்தை எழுத? காலியா விட்டா ஊருக்குத் தரம் குறைஞ்சிடும்னு ப்ரூயிட் எழுதியிருக்காரு. இவ்வளவும் ஆனதுக்கப்புறம் மறுபடி ரெண்டாம் தரமா மிஸ்டர் டெஸ்டால்? அதுவும் இல்லைன்னா என்னத்துக்கு இதெல்லாம்?"

ஓரின் அட்டையை மேஜையில் வைத்தார். பேனாவை மையில் தோய்த்து, தந்தி எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில், கோட்டின் மேல் எழுதினார்: முதல் சொற்பொழிவுக்கு வந்திருந்தாள்.

மை உலரும் வரை காத்திருந்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மிஸஸ் க்ரோதர்ஸ் அதைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார். பிறகு தன் கட்டுக்குள்ளிருந்து கணவரின் அட்டையை உருவி மேஜையில் வைத்து, வெளியூர் என்பதை அடிக்க, அவரிடம் பேனாவைக் கேட்டார்.